கேள்வி கேட்ட அக்காவுக்கு

எஸ்பியர்க், டென்மார்க்,
17 சனவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் தேர்தலில் தோற்றபின் எழுதிய கடிதம் கிடைத்தது. நகரசபையில் ஆறு வருடம், மாநிலச் சட்டசபையில் நான்கு வருடம் கேள்வி கேட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை, இனி அரசியலே வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள்.

வியாழக்கிழமை இங்கே அரசாங்கம் பதவி விலகியது. அகதிகளாய் வந்த எங்களின் குடும்பங்களை இங்கே அழைக்கும் விண்ணப்பங்களை அப்போதைய நீதியமைச்சர் வேண்டுமென்றே நிறுத்திவைத்தது விசாரணையில் வெளிவந்துவிட்டது. மீன் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நிற்கும் தவமலர், "எங்கட ஃபைலைக் கிடப்பில போட்டவை, இப்ப வீட்டை போகினம்" என்றாள். யாரோ விடாமல் கேள்வி கேட்டதால்தான் இது நடந்தது, அக்கா.

என் விண்ணப்பமும் அந்தக் கட்டுக்குள் இரண்டு வருடம் கிடந்தது. அதில் நான் எழுதிய பெயர்கள் இரண்டு. மகள் மட்டும் வந்து சேர்ந்தாள். மற்றப் பெயரைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

வரும் நவம்பரில் இங்கே நகரசபைத் தேர்தல். குடியுரிமை இல்லாவிட்டாலும், மூன்று வருடம் வசித்தவர்கள் நிற்கலாம். ஒரு கட்சியிலிருந்து வந்து என்னைக் கேட்டார்கள்.

"அம்மா, உங்கட டேனிஷைக் கேட்டால் சிரிப்பினம்" என்றாள் மகள்.

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்கும் முதல் காது குடுக்கத்தானே வேணும்" என்றேன்.

பெயரைக் கொடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த அரசியல்வாதி நீங்கள் ஒருவர்தான். முதன்முதலில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டியபோது என்ன சொன்னீர்கள்? அதை மட்டும் உடனே எழுதி அனுப்புங்கள். அரசியலே வேண்டாம் என்ற கதையைப் பிறகு பார்ப்போம்.

உங்கள் பிடிவாதத்தில் பாதி கொண்ட,
தங்கை