எதையும் சாப்பிடலாம் என்ற நாள்

ஏனுங்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு பை பிளம்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். வீடு முழுக்க அந்தப் புளிப்பு வாசம். கதவைத் திறந்து வைத்தும் போகவில்லை. அதுதான் உங்களோடு பேச உட்கார்ந்துவிட்டேன்.

தேயிலை பேக்டரியில் ஷிப்ட் முடிந்து வரும்போது உங்கள் சட்டைப்பை பிளம்ஸ் சாற்றில் நனைந்திருக்கும். கறை போகவில்லை என்று நான் கத்துவேன். "பழம் ஒடம்புக்கு நல்லது புள்ள, சட்டைக்குத்தான் கெட்டது" என்று சிரிப்பீர்கள்.

பிறகு உங்கள் கிட்னி கெட்டது. கோயமுத்தூரில் டயாலிசிஸ் செய்யும் இடத்தில் முதலில் தடுத்ததே பழத்தைத்தான். அதிலிருக்கும் பொட்டாசியம் உடம்பைவிட்டு வெளியேறாது, இதயத்தையே நிறுத்திவிடும் என்றார்கள். ஊருக்கெல்லாம் நல்லது செய்கிற பழம் உங்களுக்கு மட்டும் விஷமாகிப் போனது. ஆனாலும் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவார்களா? வந்தவர்கள் எல்லோரும் ஆரஞ்சும் சாத்துக்குடியுமாகக் குவித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்களோ கும்பிட்டு வாங்கிக்கொள்வீர்கள். அவர்கள் போனதும் ஓர் ஆரஞ்சை உரிக்கச் சொல்லி, தோலை மட்டும் மூக்கருகே வைத்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். சுளைகளை வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டு வருவேன்.

ஒருநாள் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். வீட்டுக்குக் கூட்டிப் போங்கம்மா, ஆசைப்பட்டதையெல்லாம் கொடுங்கள், பழம்கூடக் கொடுக்கலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குணமாகிவிட்டது என்றே நினைத்தேன். மஞ்சூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முதல் வேலையாகப் பிளம்ஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கழுவித் தட்டில் வைத்து நீட்டினேன். நீங்கள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பழமே திங்கலாம்னு சொல்லிப்போட்டாங்களா?"

"ஆமாங்க. எது வேணும்னாலும் திங்கலாமாமுங்க."

"அப்ப அவ்வளவுதான் புள்ள."

சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தீர்கள். நல்லாயிருக்குது, நீயும் தின்னு என்றீர்கள். எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டே நானும் தின்றேன். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

இப்போது எனக்குச் சர்க்கரை. மாம்பழம் கூடாது, பலா கூடாது, கொய்யா என்றால் பாதி என்று டாக்டரம்மா அடுக்கிக்கொண்டே போகிறார். சர்க்கரைக்குக் காட்ட வந்த மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு மட்டும் நிம்மதியாக இருக்கிறது, இன்னும் தடுக்கிறார்களே என்று. எனக்கும் ஒருநாள் எல்லாம் சாப்பிடலாம் என்பார்கள். அதை அப்படியே நம்பி சந்தோஷப்பட அன்றைக்கு என் பக்கத்தில் யாரும் இருக்கப்போவதில்லை.