மஞ்சளில் நின்ற சொல்

நவம்பர் 12, செவ்வாய்

ஏழாம் நம்பர் லேத் இன்று காலை உடைந்து நின்றுவிட்டது. அதை ஓட்டும் முனிரத்தினம் கோளாறை முன்கூட்டியே சொல்லவில்லை என்று மெமோ கொடுக்கச் சொன்னார் மேனேஜர். ஷிப்ட் இன்சார்ஜ் என்பதால் நான்தான் எழுத வேண்டும்.

முனிரத்தினம் பக்கத்தில் வந்து நின்றார். "வைப்ரேஷன் வருதுன்னு ஷிப்ட் முடியறப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சேன் சார். நீங்களே தேடிப் பாருங்க." குரலில் கோபம்கூட இல்லை.

ஷிப்ட் குறிப்புகளை நாங்கள் யாரும் தேடியதே இல்லை. கடைசி வரியில் கண்ணை ஓட்டிவிட்டு, அடியில் 'பார்த்தேன்' என்று பெயரோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இன்று 'வைப்ரேஷன்' என்று அடித்துத் தேடினேன்.

அந்தச் சொல் வந்த இடமெல்லாம் திரை மஞ்சளானது. ராயக்கோட்டை ரோட்டில் பஸ் திரும்பும்போது சாமந்தித் தோட்டம் திடீரென்று கண்ணில் விரியுமே, அப்படி. ஆயுத பூஜைக்கு மறுநாள் எழுதியது, மழையில் கரண்ட் போன அன்று எழுதியது, தீபாவளிக்கு முன்தினம் எழுதியது. எல்லாவற்றிலும் அந்த ஒரு சொல் மட்டும் விளக்கேற்றி வைத்ததுபோல் நின்றது. இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"இருக்குதுங்களா சார்?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் போனபின், பாதி அடித்து வைத்திருந்த மெமோவை அழித்தேன். பிறகு ஏனோ என் பெயரை அடித்துத் தேடினேன். அதே குறிப்புகள்தான் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும், 'பார்த்தேன்' என்பதற்குப் பக்கத்தில், மஞ்சளாக நான்.