பழசானதும் உனக்குத்தான்

கோம்பை
12-10-1938

அன்புள்ள சுருளியம்மாளுக்குப் பிச்சைமணி எழுதுவது.

நான் நல்ல சுகம். அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்ததா, பாப்பா ஜக்கம்மா பிடிக்காமல் நடக்கிறாளா என்று நாலு வரி எழுதச் சொல். வாத்தியார் ஞானசிகாமணிதான் உனக்கு இதைப் படித்துக் காட்டுவார் என்பதால் சிலதை எழுதாமல் விடுகிறேன். நீயே நினைத்துக்கொள்.

ஆயுத பூசை நல்லபடி முடிந்தது. பிளசர் காருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் இதே பூசையில்தான் முதலாளி வேலுச்சாமி கற்பூரத்தைத் தொட்டு, "பிச்சைமணி, இந்த வண்டி பழசானதும் உனக்குத்தான்" என்று வீட்டார் எல்லாரும் கேட்கச் சொன்னார். அதை நம்பித்தான் உன்னை வடுகபட்டியில் உன் அம்மாவோடு விட்டுவிட்டு, நான் இந்தக் கார் கொட்டகையில் படுத்துக் கிடக்கிறேன். வண்டி கைக்கு வந்தால் தேனிக்கும் பெரியகுளத்துக்கும் வாடகைக்கு ஓட்டலாம். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இதற்கு முந்தின வண்டியை முதலாளி மூன்றாம் வருஷமே கிழடு தட்டிவிட்டது என்று தள்ளிவிட்டார். அதில் ஒரு கோளாறும் இல்லை. போடியில் ஒருவர் புதிது வாங்கினார், அதுதான் கோளாறு. இதற்கோ நாலு வருஷம் முடிந்துவிட்டது. ஆகவே பூசை ஆனதும் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் போய் நின்றேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, மட்கார்டில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். "கண்ணாடி மாதிரியில்ல இருக்கு, இதைப் போய் எவன்டா பழசும்பான்?" என்றார். தினமும் எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்தவன் நான். யாரை நோவது?

அடுத்த வருஷம் நிச்சயம் ஆகிவிடும். பொங்கலுக்கு வருகிறேன். அத்தையைக் குளத்துக்கு நடக்க விடாதே.

இப்படிக்கு,
பிச்சைமணி


கோம்பை
20-10-1943

அன்புள்ள சுருளியம்மாளுக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தை காலமானதற்கு என்னை மூன்றே நாள் அங்கே இருக்க விட்டார்கள் என்று நீ வருத்தப்பட்டிருக்கிறாய். எனக்கும் அந்த வருத்தம் ஆறவில்லை. தனியாகப் பூண்டுக் காட்டையும் பார்த்து, பிள்ளையையும் பார்த்து எத்தனை நாளைக்கு இருப்பேன் என்று கேட்டிருக்கிறாய். வண்டி வேண்டாம், ஆள் வந்தால் போதும் என்றும் எழுதச் சொல்லியிருக்கிறாய். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

ஆனால் ஏழு வருஷம் காத்தவன் இப்போது எழுந்து வந்தால் ஏழும் வீண் இல்லையா? இலவு காத்த கிளி என்று ஊர் சொல்லும். கிளியாவது பறந்து போகும். எனக்கு அதுவும் இல்லை.

இங்கே சண்டையினால் எல்லாம் தலைகீழாகிவிட்டது. புது வண்டியே கப்பலில் வருவதில்லை. பெட்ரோலும் அளந்துதான் தருகிறார்கள். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடட்டும் என்று பிளசருக்குப் பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். மேகமலை ஏலத் தோட்டத்துக்கு முதலாளி போகும்போது சின்னமனூர் தாண்டி மலையடிவாரம் வரை போய் வருவதற்குள், நான் கரி மூட்டைக்குள் புகுந்து எழுந்தவன் போல ஆகிவிடுகிறேன். ஒன்பது வருஷ வண்டி. ஆனாலும் உத்தமபாளையத்து டாக்டர் இதைக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். முதலாளி தரவில்லை. நான் வாய் திறக்கும் முன்பே, "இந்தச் சில்லாவிலேயே இதை விடப் புதுசு எவன்கிட்ட இருக்கு சொல்லு" என்கிறார். அவர் சொல்வது பொய் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பஸ் ஓட்டும் சுருளியாண்டியை உனக்குத் தெரியும். அவன் ஒரு யோசனை சொன்னான். "அவுக வாயால பழசுன்னு சொல்ல மாட்டாக. நீதான் பழசாக்கணும். ஒரு நாளைக்கு ஆயில் இல்லாம மேட்டுல ஏத்து, முடிஞ்சது சோலி" என்றான். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், முதலாளி சாப்பிட்டுக் கண் அயர்ந்த வேளையில், வண்டிக்கு அடியில் படுத்து ஆயிலைப் பாதி வடித்துவிட்டேன். சட்டியில் ஆயில் சொட்டச் சொட்ட எனக்கு நம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாள்தான் ஞாபகம் வந்தது. எழுந்து அத்தனையையும் திரும்ப ஊற்றிவிட்டேன். என்னை ஏசு. நீ ஏசினால் தாங்கிக்கொள்வேன்.

சண்டை முடியட்டும், புது வண்டி வரட்டும், இது தானாகப் பழசாகும். அதுவரை பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
பிச்சைமணி


கோம்பை
3-12-1946

அன்புள்ள சுருளியம்மாளுக்கு,

இதை நம் மகளே உனக்குப் படிப்பாள் என்று தெரியும். அவள் கேட்டாலும் பரவாயில்லை.

முதலாளி ஐப்பசியில் இறந்துபோனதை முன்பே எழுதினேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சின்ன முதலாளி கர்ணன் மதுரைக்குப் போய்ப் புது வண்டி எடுத்து வந்தார். அதன் பக்கத்தில் நம் பிளசரைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவ்வளவு கிழடு. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பெட்டியைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன். போய், ஐயா கொடுத்த வாக்கைச் சொன்னேன்.

அவர் மறுக்கவில்லை. கற்பூரத்தைத் தொட்ட அன்று தானும் பக்கத்தில் நின்றதாகச் சொன்னார். பிறகு, "பழசானாத்தானே தாரேன்னாக? இது பழசு இல்ல பிச்சைமணி, இது எங்கப்பா" என்றார். சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். அழுகிற மனுஷனிடம் என்ன வழக்குப் பேசுவது? இனி அது ரோட்டுக்கு வராதாம். கொட்டகையில் மாலையோடு நிற்குமாம். நான் தினம் துடைத்து, கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட வேண்டுமாம். பிரியமில்லையென்றால் போகலாம், புது டிரைவர் அம்மாவாசி பார்த்துக்கொள்வான் என்றும் சொன்னார்.

கேள் சுருளி, நான் கிளம்பிவிட்டேன். பெட்டியோடு போய் பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். அங்கே நின்றால் கொட்டகைச் சத்தம் கேட்கும். அம்மாவாசி எஞ்சினைக் கிளப்ப ஹாண்டில் அடித்தான். அவனுக்கு அதன் பக்குவம் தெரியவில்லை. எஞ்சின் உதைத்தது, மறுபடி அடித்தான், மறுபடி உதைத்தது. பஸ் வந்து போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய், அவன் கையிலிருந்து ஹாண்டிலை வாங்கிவிட்டேன்.

என்னை யாரும் கட்டிப் போடவில்லை. இத்தனை நாள் முதலாளி கட்டிப் போட்டதாக உனக்கு எழுதினேனே, அதையும் இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பத்து வருஷமாக உன் வீட்டுக் கூரையை மேயாதவன், இந்தக் கொட்டகையை மூன்று தடவை மேய்ந்திருக்கிறேன். எனக்கு நாற்பத்தைந்து வயது ஆகிவிட்டது. தனியாகப் புறப்பட எனக்குத் தைரியம் இல்லை.

பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் உட்கார்ந்தால் புருஷன் போய் அழைத்து வருவதுதான் நம் வழக்கம். நீ வந்து என்னை அழைத்துப் போனால் இரண்டு ஊரும் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். தை பிறப்பதற்குள் ஜக்கம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வா. கொட்டகைக்குள் வராதே, வந்தால் வண்டியைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிடுவேன். வாசலிலேயே நில். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீ ஒருநாளும் வாயால் சொல்லாத என் பேரை, தெருவே கேட்கும்படி ஒரு தடவை சொல்லிக் கூப்பிடு.

வந்துவிடுவேன்.

உன்,
பிச்சைமணி