ஏழு குப்பியும் ஒரு பிடி உப்பும்

இன்று விளக்கேற்றும் நேரத்தில் அயினி மரத்திலிருந்து காலன்கோழி கூவியது. நான் கஞ்சிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தேன். அது கூவி முடிப்பதற்குள் என் வலது கை உப்பு மரவைக்குள் போய்விட்டது. ஒரு பிடி கல்லுப்பை அள்ளி எடுத்த பிறகுதான் கை என்ன செய்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

அந்த ஆந்தை கூவினால் பக்கத்தில் ஒரு சாவு உண்டு, அடுப்பில் உப்பு போட்டால் அது விலகிப் போகும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இப்போது என் வீட்டில் கேஸ் அடுப்பு. உப்பைப் போட்டால் பர்னர்தான் கெடும். போடவும் மனம் வரவில்லை, திரும்ப மரவையில் கொட்டவும் தைரியம் இல்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உப்பு வியர்வையில் கசியத் தொடங்கிவிட்டது.

நாளை நெய்யாற்றின்கரையில் டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். உனக்கு எங்கே இருந்ததோ அங்கேதான் எனக்கும். போன வாரம் ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். என்னவென்று நாளை சொல்வார். போகாமல் இருந்துவிடலாம் என்று காலையிலிருந்தே ஓர் எண்ணம். இப்போது இதுவும் கூவிவிட்டது. மரமும் அதே மரம்தான், உன் வீட்டு விளைக்கும் என் வீட்டு விளைக்கும் நடுவில் நிற்கிற அந்த அயினி.

தொண்ணூற்றொன்பதில் உன் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து மகனுக்கென்று ஓர் ஆங்கிலப் புத்தகம் அனுப்பினார். மந்திரம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் சேரும் ஒரு பையனின் கதை. அங்கே பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் வாசிக்கிறார்கள் என்று போனில் சொன்னாராம். உன் மகன் ஒரு பக்கம் வாசித்துவிட்டு கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நீ அதை நாம் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய்.

“இங்கிலீஷ் ஒனக்க பாடமாக்கும். வாசிச்சு எனக்குக் கதையைச் சொல்லு.”

அப்படித்தான் அது தொடங்கியது. குன்னத்துகாலிலிருந்து பாறசாலை வரை பஸ்ஸில் நான் கதை சொல்வேன். மறுநாள் காலையில் நீ கேள்வி கேட்பாய். கதை கேட்கிறவள் சொல்கிறவளுக்குப் பரீட்சை வைத்ததை நான் உன்னிடம் மட்டும்தான் பார்த்தேன். ரயில் எந்தப் பிளாட்பாரத்திலிருந்து புறப்படும், பையனின் மந்திரக்கோலுக்குள் எந்தப் பறவையின் இறகு, மூன்று தலை நாயை எப்படித் தூங்க வைப்பது. பதிலில் நான் தடுமாறினால், பின் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாய்.

ஒன்பதாம் பிளாட்பாரத்துக்கும் பத்தாவதுக்கும் இடையில் இருக்கிற சுவருக்குள் புகுந்தால் அந்த ரயிலைப் பிடிக்கலாம் என்று நான் சொன்னபோது, “பாறசாலை ஸ்டேஷன்ல போயி முட்டிப் பாரு. ரயிலு வராது, தலைதான் பொட்டும்” என்றாய். அவர்கள் நாணயத்தில் ஒரு பொற்காசுக்குப் பதினேழு வெள்ளி, ஒரு வெள்ளிக்கு இருபத்தொன்பது செம்பு என்று கேட்டதும் கணக்கு டீச்சரான உன் முகம் மலர்ந்துவிட்டது. “ரெண்டும் பகா எண்ணு. சில்லறை மாத்துகவன் பாடு கஷ்டமாக்கும்.” பறந்து விளையாடும் அந்தப் பந்தாட்டத்தை மட்டும் உன்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஒருத்தன் ஒரு சின்னப் பந்தைப் பிடித்தால் நூற்றைம்பது புள்ளி, ஆட்டமும் முடிந்தது என்றால், “மத்தவனுவ பின்ன எதுக்குப் பிள்ளே கெடந்து பறக்கானுவ?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாய், விதியை நான்தான் எழுதினேன் என்பதுபோல.

அந்த வாரங்களில்தான் உன் மார்பில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது.

என்னிடம் சொல்லும்போதுகூட நீ அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. “மத்த சூக்கேடா இருக்குமோ?” என்றுதான் கேட்டாய். நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடும் என்கிற பயம். அந்தக் கதையிலும் ஒருவன் இருந்தான், பெரியவர்கள்கூட அவன் பெயரைச் சொல்ல நடுங்குவார்கள். அவனைப் பற்றி முதலில் சொன்ன அன்று நீ சிரித்தாய். “இத எழுதினது நம்ம ஊரு ஆளாக்கும்.” கட்டி வந்த பிறகு அவன் வருகிற இடங்களை நான் சீக்கிரமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன். நீயும் அவனைப் பற்றிக் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தாய்.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆசுபத்திரியில் சதை எடுத்துவிட்டு, முடிவைச் சொல்ல ஒரு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம், எந்த வண்டிக்குப் போவது என்று பேச உன் அடுக்களைக்கு வந்திருந்தேன். நீ தேங்காய் திருவிக்கொண்டிருந்தாய். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அது கூவியது.

திருவுகிற சத்தம் நின்றது. உன் மாமியார் முற்றத்திலிருந்து ஓடிவந்து, ஒரு கை உப்பை அள்ளி அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று பொட்டித் தெறித்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எதையாவது சொல்ல வேண்டும் என்று, “அந்தக் கதையில ஆந்தைதான் மாமி தபால் கொண்டு வரும். ஆருக்கோ லெட்டர் வந்திருக்கு” என்றேன்.

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். “எனக்க வீட்டுக்காரருக்கும் இதே அயினியில இருந்துதான் லெட்டர் வந்துது மக்கா. அண்ணைக்கு நான் உப்பு போடல்ல.”

நீ மீண்டும் திருவ ஆரம்பித்தாய். சிரட்டைவரை போய்விட்டதைக் கவனிக்காமல் திருவிக்கொண்டே இருந்தாய். தேங்காய்ப் பூவில் சிரட்டைத் தூள் கறுப்பாக விழுந்தது.

மறுநாள் காலையில் நான் வந்தபோது நீ பழைய சேலையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாய்.

“நீ பள்ளிக்கூடத்துக்குப் போ. நான் வரல்ல.”

“ஒரு பத்து நாளு கழிஞ்சு போனா போதும் மோளே. இந்தக் காலம் செரியில்ல” என்றார் மாமி. அந்த அம்மாளுக்கு உன்மேல் இருந்தது வெறும் பாசம்தான். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் எழவில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் முயன்று பார்த்தேன். விடைத்தாள் திருப்பிக் கொடுக்கிற அன்று வகுப்பில் சில பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்க்காமலே தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்களே, அந்த உதாரணத்தைச் சொன்னேன். பார்க்காததால் மதிப்பெண் கூடிவிடாது, ஒரு ராத்திரி அவர்கள் தோற்காதவர்களாக இருப்பார்கள், அவ்வளவுதான் என்றேன்.

“எனக்க பேப்பரு. நான் மடக்கி வச்சா ஒனக்கென்ன?”

பாறசாலையிலிருந்து போகும் காலை வண்டி அந்நேரம் புறப்பட்டிருக்கும். உன் முகத்தில் பயம் இருந்தது. அது எனக்குள்ளும் வந்துவிட்டது. நாம் போகாத வரைக்கும் நீ நோயாளி இல்லை என்று என் மனமும் சொல்லத் தொடங்கியது. முறத்தை இழுத்துப் போட்டு நானும் கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “சும்மா இருந்தா எப்படி? கதையையாவது சொல்லு” என்றாய்.

கதை ஏழு குப்பிகளில் வந்து நின்றிருந்தது. பையனும் அவன் தோழியும் ஓர் அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். முன்னாலும் தீ, பின்னாலும் தீ. நடுவில் ஒரு மேசையில் ஏழு குப்பிகள். மூன்றில் விஷம், இரண்டில் வெறும் மது, ஒன்றைக் குடித்தால் முன்னே போகலாம், ஒன்றைக் குடித்தால் திரும்பிப் போகலாம். எது எது என்பதற்குச் சில குறிப்புகள் மட்டும் உண்டு. மந்திரம் உதவாது, யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வெறுக்கிற, மருந்து காய்ச்சச் சொல்லித்தருகிற கடுமூஞ்சி வாத்தியார் வைத்த கணக்கு அது.

நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டாய். மாமியின் அரிஷ்டக் குப்பி, மண்ணெண்ணெய்க் குப்பி, வலிக்குத் தேய்க்கும் குழம்பு எண்ணெய்க் குப்பி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து, தரையில் வரிசையாக ஏழு வைத்தாய். பையிலிருந்த புத்தகத்தை எடுத்து நான் ஒவ்வொரு குறிப்பாக வாசித்துச் சொல்ல, நீ விஷத்துக்குக் காந்தாரி மிளகாயும், மதுவுக்கு ஒரு புளியங்கொட்டையும் முன்னால் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தாய்.

மாமி வாசலில் நின்று இடுப்பில் கைவைத்தார். “ஆசுபத்திரிக்குப் போவண்டாம்னு சொன்னா, ரெண்டு டீச்சர்மாரும் அடுக்களையில இருந்து மந்திரவாதமா பண்ணுதிய?”

“கணக்காக்கும் மாமி. மிண்டாம இருங்க” என்று அவர் வாயை அடைத்தாய்.

ஆனால் கணக்கு முடியவில்லை. ஒன்றுக்கு மேல் விடை வந்துகொண்டிருந்தது. ஆகப் பெரிய குப்பியிலும் ஆகச் சின்னதிலும் விஷம் இல்லை என்று ஒரு குறிப்பு.

“பெரிய குப்பி எத்தனாவது? சின்னது எத்தனாவது?”

“அது எழுதியிருக்கல்ல.”

“நல்லாப் பாரு. நீ எதையாவது விட்டிருப்ப.”

முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டினேன். ஏழும் வேறு வேறு அளவு என்று மட்டும் இருந்தது. எது எங்கே இருந்தது என்பது இல்லை.

“பின்ன அந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிச்சா?”

“அவ குப்பிக்க முன்னால நிக்காளே. அவளுக்குக் கண்ணால தெரியும். நமக்குத் தெரியாது.”

அரிஷ்டக் குப்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். உன் விரல் மிளகாயை உருட்டிக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்து போய்க் கைகழுவினாய்.

“அப்பம் இங்க இருந்து கணக்குப் போட்டா வராது” என்றாய். “வா, போவோம்.”

மாமி வழியை மறித்தார். “மோளே, கோழி கூவினது?”

“அது ஒரு விவரம் மாமி. அத மட்டும் வச்சு விடை எழுத ஒக்காது.”

தைரியம் வந்ததால் நீ புறப்படவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். சேலை மாற்றும்போது ஊக்கைக் குத்த முடியாமல் என்னைக் கூப்பிட்டாய். மாமி தடுத்துப் பார்த்து, கடைசியில் ஒரு துணித் துண்டில் உப்பை முடிந்து உன் பையில் வைத்தார். “இது கையில இருக்கட்டும்.” நீ வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆசுபத்திரி வராந்தாவில் நாம் வெகுநேரம் காத்திருந்தோம். உள்ளே போய்விட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமலிருக்க, நீ வாசலில் போய் நல்ல கொய்யாவாகப் பார்த்துப் பேரக்காய் வாங்கி வந்தாய். கடித்துவிட்டு, “இதுக்கு உப்பு வேணும்” என்றாய். பிறகு பையைத் திறந்து மாமியின் முடிச்சை அவிழ்த்தாய். சாவை விரட்டத் தந்த உப்பைத் தொட்டுத் தொட்டு நாம் இரண்டு பேரும் பேரக்காய் தின்றோம். உன் பெயரைக் கூப்பிட்டபோது உன் வாய் நிறையப் பேரக்காய் இருந்தது.

டாக்டரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சந்தேகப்பட்டதுதான், ஆனால் நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். திரும்பும் பஸ் பாலராமபுரம் தாண்டியது. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாதாரணக் குரலில், “எனக்குக் கேன்சர் ஆக்கும்” என்றாய். முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நீ அதைப் பார்த்தாய். பார்த்தும் தலைகுனியவில்லை.

அதன் பிறகு உனக்குக் கிடைத்த ஆண்டுகள் பயமில்லாதவை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் நீ தூங்கவில்லை. முடி கொட்டி, திரும்ப முளைத்தது. அந்தக் கதையின் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன, ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தடிமனாக. பஸ்ஸில் கேள்விகள் தொடர்ந்தன. நமக்குள் ஒரு பந்தயமும் இருந்தது. அந்தக் கடுமூஞ்சி வாத்தியார் கெட்டவர் என்று நான், நல்லவர் என்று நீ. ஆறாம் பாகத்தில் அவர் தலைமையாசிரியரையே கொன்றுவிட்டதை நான் சொன்னபோது நீ படுக்கையில் இருந்தாய். நோய் திரும்பி வந்திருந்தது. பந்தயம் முடிந்தது என்றேன். நீ தலையை அசைத்தாய்.

“இல்ல பிள்ளே. அவ்வளவு ஒழுங்கா ஒரு கணக்கு வைக்கிறவன் கெட்டவனா இருக்க மாட்டான். பொறுத்துப் பாரு.”

கடைசிப் பாகம் வந்தபோது நீ இல்லை. நான் தனியாக வாசித்தேன். நீ சொன்னதுதான் சரி. அவர் நல்லவர். கதை முழுக்க உள்ளுக்குள் பயந்துகொண்டே செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தவர். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, இதைச் சொல்ல ஆள் இல்லாமல், பஸ்ஸில் ஜன்னலோரம் அழுதுகொண்டே பாறசாலைவரை போனேன்.

இப்போது சொல்லிவிட்டேன். ஜெயித்தது நீதான்.

இதை எழுதுகிற நேரத்துக்குள் காலன்கோழி இன்னொரு முறையும் கூவிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. வயது, படிப்பு, பிள்ளைகளுக்குச் சொன்ன உதாரணங்கள், எதுவும் இந்தப் பயத்தைக் குறைக்கவில்லை. ஆனால் குப்பி எவ்வளவு உயரம் என்று இங்கே உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரியப் போவதில்லை.

கையிலிருந்த உப்பை அடுப்பில் போடவில்லை. ஒரு துணியில் முடிந்து, நாளைக்குக் கொண்டுபோகிற பையில் வைத்திருக்கிறேன். ஆசுபத்திரி வாசலில் பேரக்காய் கிடைக்கும்.