அவர் என் பெயரைச் சொன்ன நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

மீன் சந்தையில் வைத்து அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். "மன்னூபியா! இங்க வா, மத்தி எப்பிடி மின்னுது பாரு!" அத்தனை ஆம்பளைகள் முன்னால்! மீன்காரன் தராசைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். அவருக்கு நான் ‘வீடு’தான். ‘வீட்டைக் கேட்டுச் சொல்றேன்.’ ‘வீட்டுக்குக் காய்ச்சல்.’ எங்கள் மஹ்தியா ஊரில் மானமுள்ள எந்த ஆணும் பெண்டாட்டி பெயரைத் தெருவில் எடுக்க மாட்டான். வெட்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பக்கத்து வீட்டு தூஜா காதோடு கேட்டாள்: "உன் புருஷனுக்கு யாருடி மந்திரிச்சு விட்டது? அந்த அட்ரசை எனக்கும் குடேன்."

மார்ச் 15, சனி

பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். படகுக்காரர்களுக்குக் கயிறும் பெயிண்டும் விற்கிற கடை. பெருநாளுக்கே அரைநாள்தான் மூடுவார். "கிளம்பு, கடலைப் பாக்கலாம்" என்றார். ஊர் முனையில் வெள்ளைக் கல்லறைகள் தாண்டி, பாறையில் உட்கார்ந்தோம். மூடுபனி. எது வானம், எது தண்ணீர் என்று தெரியவில்லை. அவர் பாடினார். சுருதியே இல்லை. நான் தூக்கத்தில் நடப்பவள் மாதிரி இருந்தேன்.

"நீ சிரிச்சா இடது கன்னம்தான் முதல்ல சிரிக்குது."

"இதை எப்பக் கவனிச்சீங்க?"

"எப்பவும்தான்."

எப்பவுமா? பிறகு ஏன் இத்தனை வருஷம் — போகட்டும். கேட்டால் கலைந்துவிடும்.

மார்ச் 22, சனி

சூஸ் நகரத்திலிருந்து மகள் உல்ஃபா வந்திருந்தாள். பேச்சு சுவாரசியத்தில் அடுப்பில் குழம்பு தீய்ந்து, வீடே புகை. அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

உல்ஃபா என்னை உள்ளே இழுத்துப் போனாள். "அப்பாவுக்கு வாசனையே தெரியலம்மா. கடைக்கு வந்த ஆள் முன்னாடி ஓன்னு அழுதிருக்கார். நீ கவனிக்கவே இல்லையா?"

கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

நெற்றிக்குப் பின்னால், மூளையை அழுத்திக்கொண்டு, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. புற்று மாதிரித் தெரியவில்லை, ஆனால் விட்டுவைத்தால் கண் போகும், பிறகு உயிரும் போகும் என்றார் டாக்டரம்மா. சின்ன வயசு. பொறுமையாக ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"மனுஷனை ‘வேணாம், சும்மா இரு’ன்னு தடுக்கிற இடம் இதுதான். அதைக் கட்டி அழுத்துது. அதான் பாட்டு, அழுகை எல்லாம்."

"எடுத்துட்டா?"

"பெரும்பாலும் பழைய மனுஷனாயிடுவாரு."

டாக்டரம்மா எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்!

கேட்டே விட்டேன்: "தடுப்பு போனதால உள்ள இருந்தது வெளிய வந்துச்சா? இல்ல, எல்லாம் அந்தக் கட்டி பண்ணினதா?"

அவர் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். "அது படத்துல தெரியாதும்மா."

ஏப்ரல் 3, வியாழன்

ஆபரேஷனுக்கு அவர் கையெழுத்தோடு என்னுடையதும் வேண்டுமாம். அவர் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார். நான் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, ரெண்டு நாள் யோசிக்கணும் என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

ரெண்டு நாள் ஆறு நாளாகிவிட்டது. உல்ஃபா போனில் கத்துகிறாள். நான் என்ன சொல்ல? ‘உன் அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், இன்னும் ஒரு வாரம் கேட்டுக்கொள்கிறேன்’ என்றா?

இன்று காலை முற்றத்தில் கதவு நிலையில் மோதிக்கொண்டார். நான் அவருக்கு இடப்பக்கம்தான் நின்றிருந்தேன், கை எட்டும் தூரத்தில். "மன்னூபியா? மன்னூபியா, எங்க இருக்க? இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியலயே."

சீ, நானும் ஒரு பொம்பளையா! ஒரு பேருக்காக ஒரு மனுஷன் கண்ணைக் குடுப்பாளா ஒருத்தி?

போட்டுவிட்டேன். கையெழுத்தில் என் பெயரே கோணலாக விழுந்தது.

ஏப்ரல் 16, புதன்

தலைநகரத்து ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம் ஆபரேஷன். எல்லாம் எடுத்துவிட்டார்களாம்.

ஏப்ரல் 19, சனி

கண் விழித்தார். நர்ஸ் பெண்ணிடம் முதல் வார்த்தை: "வீடு எங்க?"

அவள் தலைநகரத்துப் பெண், அவளுக்கு எப்படிப் புரியும்? "பத்து நாள்ல போயிடலாம் மாமா" என்று கன்னத்தைத் தட்டினாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வீடு எங்கன்னு கேக்கறேன்!"

"இங்கதான் இருக்கேன்" என்றேன். என்னைப் பார்த்தார். முகம் தணிந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

வராந்தாவில் போய் நின்று அழுதேன். பிழைத்துவிட்டார் என்று அழுதேனா, போய்விட்டார் என்றா? ரெண்டுக்கும்தான்.

மே 30, வெள்ளி

இரண்டு வாரமாகக் கடைக்குப் போகிறார். பார்வை தெளிவு. குழம்பில் சீரகம் தூக்கல் என்கிறார். அந்த நாட்களைப் பற்றி ஒரு முறைதான் பேசினார்: "என்னென்னமோ உளறியிருப்பேன். மனசுல வச்சுக்காத."

இன்று துறைமுகத்துக்குப் போனேன். படகுக்காரர்கள் நடுவில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். என்ன ஆயிற்றோ எனக்கு, வாழ்நாளில் எடுக்காத அவர் பெயரை எடுத்துவிட்டேன்.

"தீஜானி!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். வலை தைத்துக்கொண்டிருந்த கிழவர் ஊசியைத் தவறவிட்டார். இவர் காதெல்லாம் சிவக்க, விறுவிறுவென்று என்னிடம் வந்தார்.

"பைத்தியமா உனக்கு? உன் தலையையும் ஒரு படம் எடுத்துப் பாக்கணும்."

"எடுங்க" என்றேன். "அதுல கட்டி ஒண்ணும் இருக்காது."