பத்துக்கு எத்தனை

மார்ச் 3, செவ்வாய்

இன்று வார்டில் எல்லாரிடமும் கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் "பரவாயில்லை" என்றார்கள். அதில் ஒருவருக்கு மூக்கில் ஆக்ஸிஜன் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்து, கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவரும் "பரவாயில்லம்மா" என்றார். அதோடு விட்டாரா? "நீங்க சாப்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு நர்ஸ் என்ன ஆராய்ச்சி செய்ய? எங்கள் ஆராய்ச்சியே ஒரு கேள்விதான். நுரையீரல் கைவிட்டு ஆக்ஸிஜனில் கிடக்கிறவரிடம், மூச்சு எவ்வளவு முட்டுகிறது என்று வேளாவேளைக்குக் கேட்க வேண்டும். பூஜ்யம் என்றால் கஷ்டமே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியவில்லை. இயந்திரம் கத்துவதற்கு முன்னால் அந்த எண் ஆபத்தைக் காட்டிக்கொடுக்குமா என்று பார்க்கிறோம். முடிவு தெரியும்வரை எண்ணை மூடி வைக்க வேண்டும், சிகிச்சை பார்க்கும் டாக்டருக்குக்கூடச் சொல்லக் கூடாது. எட்டோ அதற்கு மேலோ வந்தால் மட்டும் சொல்லலாம்.

இதற்கு அனுமதி வாங்கப் பெரிய டாக்டர் வருடக்கணக்கில் அலைந்தார். "பரவாயில்லை"க்கு என்ன எண் போடுவது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வழி பிறந்துவிட்டது. படிவத்தில் இருக்கும் கேள்வி நாலு வரி. மூச்சுக்குத் தவிக்கிறவர் அதைக் கேட்டு முடிப்பதற்குள் கண்ணை மூடிக்கொள்கிறார். என்னோடு இந்த ஆராய்ச்சியில் வேலை செய்யும் சின்ன நர்ஸ் அதைச் சுருக்கிவிட்டாள். காதருகே குனிந்து, "மூச்சு பத்துக்கு எத்தனை?" அவ்வளவுதான். ஆறு, நாலு, ஒன்பது என்று மளமளவென்று வருகிறது. கெட்டிக்காரி.

நானும் அப்படியே கேட்க ஆரம்பித்துவிட்டேன். அட்டவணை நிரம்பியதைப் பார்த்துப் பெரிய டாக்டர் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 10, செவ்வாய்

அண்ணனுக்கு இருமல். போனில் பேசும்போது பாதியில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினான். டாக்டரைப் பார் என்றேன். "பரீட்சை பேப்பர் ஒரு கட்டு பாக்கி இருக்கு மண்டு. திருத்தி முடிச்சிட்டுப் போறேன்" என்றான்.

கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் கோட்டை விட்ட அன்று வைத்த பெயர் மண்டு. எனக்குத் தலை நரைத்த பிறகும் அதுதான்.

மார்ச் 14, சனி

அண்ணி அவனை அழைத்து வந்து சேர்த்துவிட்டார். இரண்டு பக்கமும் நிமோனியா. எக்ஸ்ரேயை நான் பார்த்திருக்கக் கூடாது. கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை.

எங்கள் பிரிவுதான், ஜன்னலோரக் கட்டில். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "பரவாயில்ல" என்றான். முதுகில் இரண்டு போடலாம் போல இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

ஆராய்ச்சியில் சேர்கிறாயா என்று நான் அவனைக் கேட்கக் கூடாது. சின்ன நர்ஸ் கேட்டாள். "என் தங்கச்சி ஆராய்ச்சியா? எங்க கையெழுத்துப் போடணும்?" என்றானாம். பேனாவை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பான், அவனைத் தெரியாதா.

சொந்தக்காரி என்பதால் அவன் எண்ணை நான் கேட்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. சின்ன நர்ஸ் வெளியே வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஏழு விரலை விரித்துக் காட்டினாள். விதிமீறல்தான். நன்றி.

ஏழு. எட்டுக்கு ஒரு படிதான் குறைவு.

மார்ச் 16, திங்கள்

காலையில் ஐந்து, மதியம் நாலு. "இறங்கிக்கிட்டே வர்றார்க்கா" என்று காதில் சொல்லிவிட்டு ஓடினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணியைக் கான்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட வைத்தேன்.

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமா அண்ணி. எண்ணு பொய் சொல்லாது."

கணக்கில் பூஜ்யம் வாங்கினவள், கணக்கு வாத்தியார் பெண்டாட்டிக்குச் சொல்லித் தருகிறேன்!

ஆனால் ஆக்ஸிஜனைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஏன்? கஷ்டம் குறைகிறதே? சாயங்காலம் டூட்டி டாக்டர் கட்டில் காலடியில் ரொம்ப நேரம் நின்றார். இப்போதே தொண்டையில் ட்யூப் இறக்கி வென்டிலேட்டரில் போடுவதா, காலை வரை பார்ப்பதா என்று அவருக்கு யோசனை. சின்ன நர்ஸ் பக்கம் திரும்பி, "உங்க எண்ணு எட்டைத் தொட்டுச்சா?" என்றார்.

"இல்ல சார். கிட்டக்கூட வரல."

"அப்ப காலைல பாப்போம்."

நான் பக்கத்துக் கட்டிலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ட்யூப் வேண்டாம் என்றதும் சந்தோஷமாக இருந்தது. இன்று நிம்மதியாகத் தூங்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

இன்றே எழுதிவிட வேண்டும்.

நான் வேலைக்குப் போனபோது அவன் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். ட்யூப் போட எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மாஸ்க்குக்குள் வாயால் காற்றை அள்ளிக்கொண்டிருந்தான். தோள் இரண்டும் ஏறி இறங்கின. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தான். காதைக் கொண்டுபோனேன்.

"மண்டு… நானும் தாராளமாத்தான்… திருத்திப் பார்த்தேன்…"

"பேசாத அண்ணா."

"ரெண்டுக்கு மேல… போட முடியல. ஃபெயில்."

சிரிக்கப் பார்த்தான். அதற்குள் என்னை விலக்கிவிட்டார்கள்.

எனக்குப் புரியவில்லை. அவனைத் தூங்க வைத்து, ட்யூப் இறக்கி, இயந்திரத்தில் இணைத்து, எல்லாம் முடிந்து கை கழுவப் போனேன். குழாயடியில் நிற்கும்போதுதான் புரிந்தது.

மார்க். அவன் மார்க் போட்டிருக்கான்.

பத்துக்கு எத்தனைன்னு ஒரு வாத்தியாரைக் கேட்டா அவன் வேற என்ன பண்ணுவான்? மூச்சுக்கு மார்க் போட்டான். ஓரளவு நல்லா இருந்தப்போ ஏழு. அப்புறம் அஞ்சு, நாலு, ரெண்டு. அவன் கீழ போய்க்கிட்டே இருந்திருக்கான், நான் கான்டீன்ல உட்கார்ந்து எண்ணு பொய் சொல்லாதுன்னு— ஐயோ. பத்துக்குப் பத்துன்னா நல்லதுன்னு எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? எனக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு? அந்த நாலு வரியை அவனுக்கு யாருமே படிச்சுக் காட்டலையே.

மார்ச் 18, புதன்

சின்ன நர்ஸ் ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். திட்டத்தான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 21, சனி

அண்ணனைக் குப்புறப் போட்டிருக்கிறார்கள். நுரையீரலின் பின்பக்கம் கொஞ்சமாவது திறக்குமா என்று. முகம் தெரியவில்லை, பின்னந்தலைதான் தெரிகிறது. வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது. இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"உங்க அண்ணன் வாத்தியார். அவர் அப்படிப் புரிஞ்சுக்கிட்டார். மத்தவங்களும் அப்படித்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"யார் எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நமக்குத் தெரியாதே சார். அதைத்தான் சொல்றேன்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வீட்டுக்குப் போனவங்களைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க."

"போய்ச் சேர்ந்தவங்களை?"

கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவர் மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 24, செவ்வாய்

போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். சிலருக்கு ஞாபகமே இல்லை. சிலர் சரியாகப் புரிந்துதான் சொல்லியிருக்கிறார்கள். துணிக்கடைக்காரர் ஒருவர் ஒன்பது என்று சொல்லியிருந்தார். அதை நம்பி அன்று டூட்டி டாக்டரை ஓடி வரச் செய்தோம். இன்று கேட்டால், "உங்க கவனிப்புக்குத்தாம்மா போட்டேன். முழுசாப் பத்து போட்டிருப்பேன், சாப்பாடு சரியில்ல, அதான் ஒண்ணு குறைச்சேன்" என்கிறார்.

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

மார்ச் 25, புதன்

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதற்கு நானே சொல்வது மேல். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.

"வீட்லயும் அப்படித்தான்" என்றார். "என் சமையலுக்குக்கூட மார்க் போடுவாரு. இத்தனை வருஷத்துல ஆறைத் தாண்டினதில்ல."

பிறகு, "முன்னாடியே ட்யூப் போட்டிருந்தா?" என்றார்.

இதையே நான் டூட்டி டாக்டரிடம் கேட்டிருந்தேன். போட்டிருந்தாலும் இப்படியே ஆகியிருக்கலாம், தெரியாது என்றார். அந்த மனுஷனும் தூங்கின மாதிரித் தெரியவில்லை. அதை அப்படியே அண்ணியிடம் சொன்னேன். அது ஆறுதலா, தண்டனையா? அண்ணி என் கையைப் பிடிக்கவில்லை. தட்டிவிடவும் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

சிறுநீரகமும் போய்விட்டது. இனி எதற்கு எதைக் கேட்பது?

மார்ச் 29, ஞாயிறு

அண்ணன் போய்விட்டான்.

ஏப்ரல் 13, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். ஜன்னலோரக் கட்டிலில் வேறு ஒருவர். படிவத்தை எடுத்து நாலு வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். மூன்றாவது வரியில் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூன் 12, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. நோயாளி சொல்லும் எண்ணுக்கும் அவர் நிலை மோசமாவதற்கும் தொடர்பு எதுவும் காணப்படவில்லை. இவ்வளவுதான். இதற்குத்தான் இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்கள்.

அண்ணனுடைய எண்களையாவது எடுத்துவிடுங்கள் என்று புள்ளியியல்காரரிடம் கேட்டேன். நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "வேண்டாததை எல்லாம் எடுக்க ஆரம்பிச்சா அது ஆராய்ச்சி இல்லம்மா. கேள்வி தப்பாப் புரிஞ்சிருக்கலாம்னு கடைசில ஒரு வரி போட்டுடலாம்."

அந்த ஒரு வரியை யார் படிக்கப்போகிறார்கள்? எங்கள் அட்டவணைப்படி அண்ணன், மூச்சுக் கஷ்டம் குறைந்துகொண்டே வந்து செத்துப்போனவன். நாளைக்கு இதைப் படிக்கிற டாக்டர், நோயாளியைக் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று முடிவு கட்டுவார். தப்பாகக் கேட்டது நாங்கள். இனி யாரும் கேட்கவே போவதில்லை.

சின்ன நர்ஸ் வேலையை விட்டுப் போகிறாளாம். போகட்டும். எங்காவது நன்றாக இருக்கட்டும்.

ஜூலை 9, வியாழன்

அண்ணன் மகள் போன் செய்தாள். அவளாக எனக்குப் போன் செய்வது இதுதான் முதல் தடவை. குரலை ரொம்பத் தாழ்த்திப் பேசினாள்.

"அத்தை, கணக்குல பத்துக்கு ரெண்டு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

பரவாயில்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"ரொம்பக் கஷ்டமா இருக்காடா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன்.

"ஆமா அத்தை" என்றாள்.