தபால்பெட்டி இருந்த இடம்

பிரையனி,

தபால்காரர் வந்தால் கடிதங்களைக் கையிலேயே வாங்கிக்கொள். பெட்டி ரோஜாப் புதருக்குள் கிடக்கிறது.

நேற்று நீ, "நான் ஓட்டுறேம்ப்பா, நீ பக்கத்துல உக்காரு" என்றதற்கு நான் ஒரு பிரசங்கமே செய்தேன். "முன்யோசனைக்கான மூளை இருபத்தஞ்சு வயசுலதான் முழுசா வளருமாம். உனக்குப் பதினாறுதான்!" நீ கதவை அறைந்த அறையில் நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

இன்று காலை வண்டியைப் பின்னால் எடுத்தேன். ஞாயிறன்று நீ ஓட்டிப் பழகியபோது உன் உயரத்துக்கு வைத்த கண்ணாடி; எனக்கு அதில் கூரைதான் தெரிந்தது. பெண் என்னைவிட வளர்ந்துவிட்டாளே என்று பூரித்தேனே தவிர, கண்ணாடியைத் திருப்ப இந்த நாற்பத்தெட்டு வயது மூளைக்குத் தோன்றவில்லை. பெட்டி விழுந்த சத்தத்துக்குக் கம்பியில் இருந்த கூக்கபுரா சிரித்தது. தினமும் சிரிக்கிற பறவைதான், ஆனாலும் இன்று எனக்காகவே சிரித்தது.

கோதுமைக் கிடங்குக்கு நடந்தே போகிறேன். பிரிட்ஜில் ஆட்டு சாப்ஸ் இருக்கிறது. எனக்கும் ஒரு துண்டு விட்டுவை. சாவி மேசைமேல். ஐந்து மணிக்கு நான் வந்ததும் நீ ஓட்டு. நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா

பி.கு.: வண்டியிலிருந்து அந்த மஞ்சள் எல் போர்டைக் கழற்றாதே. நான் ஓட்டும்போதும் இருக்கட்டும்.